நடுவில் ஒழுகிய பாலம்

நம் வயதில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் மாத்திரைகளைப் பற்றிப் பேசுகிறோம், பிறகு இல்லாமல் போனவற்றைப் பற்றி. மாத்திரையில் உங்களோடு சரிக்குச் சரி நிற்க எனக்குத் தகுதி உண்டு. இரண்டாவதில் நீங்கள் என் கிட்டே வர முடியாது. உங்களுக்குப் படம் பார்த்த தியேட்டர் போயிருக்கும், பள்ளிக்கூடத்து மாமரம் போயிருக்கும், தலைமுடி போயிருக்கும். எனக்கு ஒரு பாலம் போனது. கூரை போட்ட பாலம்.

இதைச் சொன்னால் கொழும்பில் பிறந்து வளர்ந்த என் மருமகன் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். "பாலத்துக்கு எதுக்கு மாமி கூரை? ஆறு நனையாமயா?" என்று கேட்டார். படித்த பிள்ளை. நானும் பதில் தேடிப் பல புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். குளிர்நாடுகளில் பாலத்து மரம் உளுத்துப் போகாமலிருக்கக் கூரை போடுவார்களாம். எங்கள் பாலம் மருத மரம். அது உளுப்பதற்குள் நாங்கள் உளுத்துவிடுவோம். ஆகவே எங்கள் கூரை மனிதர்களுக்காகத்தான் போடப்பட்டிருக்க வேண்டும். எந்த மனிதர்களுக்காக என்பதில்தான் ஊரில் ஒற்றுமை இல்லை.

நாவுலயிலிருந்து பல்லேகமப் பக்கம் போகும்போது உள்ளே ஒதுங்கி ஒரு சின்னக் கடைத்தெரு, அதுதான் எங்கள் ஊர். தெரு முடிகிற இடத்தில் ஓயா, எங்கள் ஆறு. ராஜா காலத்தில் விகாரைக்கு நெல் கொண்டுபோனவர்கள் கட்டிய பாலம் அது என்பார் பள்ளிக்கூடத்துப் பெரிய சேர். மிளகு வாங்கும் ஹாஜியாரோ, தன் பாட்டனாருக்குப் பாட்டனார் பொதிமாடு ஓட்டிய நாளில், மாடு நனைந்தாலும் உப்பு நனையக் கூடாது என்று கட்டியதாகச் சொல்வார். ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இருந்தார். அவரைக் கேட்டால் துரைதான் கட்டினான். விட்டால் மழையையும் துரைதான் கொண்டுவந்தான் என்பார். எழுத்தில் ஒரு வரி கிடையாது. நான் இப்போது எழுதுவதுதான் முதல் வரி என்றால் அந்தப் பாலத்தின் தலைவிதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் ஒன்பது வயதுக் கால்களுக்கு அது அறுபத்திரண்டு எட்டு. இரண்டு பக்கமும் இடுப்பளவு மரக்கம்பி அழி, அழியை ஒட்டி உட்கார நீள வாங்குகள். பலகைகளுக்கு நடுவே குனிந்து பார்த்தால் ஆறு ஓடும். வெயில் நேரத்தில் தண்ணீரின் வெளிச்சம் கீழிருந்து ஏறி, கூரையின் உட்பக்கத்தில் பச்சையாக அசைந்துகொண்டிருக்கும். வௌவால் எச்சமும் ஈரச்சாக்கும் காய்ந்த மிளகும் கலந்து ஒரு வாசம் அடிக்கும். அந்த வாசத்தை நான் பிறகு எங்கேயும் முகரவில்லை. ஒருமுறை மாத்தளையில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி வாசலில் நின்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். காவலாளி வந்து ஆஸ்துமாவா என்று விசாரித்தான்.

கூரையைப் பராமரிப்பதில் ஒரு முறை இருந்தது. இக்கரைக்காரர் பாதி, அக்கரைக்காரர் பாதி. எங்கள் பாதிக்குத் தகரம், அவர்கள் பாதிக்கு ஓடு. தகரமும் ஓடும் சந்திக்கிற இடம் யாருடைய பாதி என்பது மட்டும் தீராத வழக்கு. அதனால் பாலம் நடுவில் ஒழுகும். ஒரு சாண் அகலத்துக்குத்தான். ஆனால் மழை விட்ட பிறகும் அரை மணி நேரம் ஒழுகும்.

அந்த ஒழுகலுக்குப் பக்கத்தில்தான் என் அப்பாவும் அத்தையும் வெள்ளிக்கிழமை தோறும் உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. அக்கரையில் பேக்கரி வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டாள். மாமா வஹகோட்டைக்காரர், கத்தோலிக்க வேதக்காரர், வீட்டில் சிங்களம் பேசுகிறவர். அப்பா கடைத்தெருவில் இரும்புக் கடை முதலாளி, அம்மன் கோயில் சபைத் தலைவர். மாமாவிடமிருந்த மூன்றில் ஏதாவது ஒன்று என்றால் அப்பா பொறுத்திருப்பார். மூன்றும் ஒரே ஆளாக வந்ததால் பொறுக்கவில்லை.

"உன் வாசப்படிய இனி நான் மிதிக்க மாட்டேன்" என்றார்.

"நானும் உங்க வாசப்படிய மிதிக்கலண்ணே" என்றாள் அத்தை. அதோடு மூன்று வருடம் ஓடியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார்கள். கெட்ட பழக்கம். ஆனால் சொன்ன சொல்லை மட்டும்தான் காப்பாற்றுவார்கள். சொல்லாமல் விட்ட இடத்தில் தாராளமாகப் புகுந்துகொள்வார்கள். பாலத்துக்குக் கூரை இருந்தது, உட்கார வாங்கு இருந்தது, வாசற்படி இல்லை. அப்பாவுக்குத் தங்கையைப் பார்க்க உலகத்தில் இருந்தது அந்த ஓர் இடம்தான். அது போனால் தங்கையும் போனாள். ஒன்பது வயதில் எனக்கே அது தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஹாஜியாரும் மற்றவர்களும் தொழுகைக்குப் போய்விடுவதால் பாதிக் கடைகள் சாத்தியிருக்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். அப்பா கடைப்பலகையைப் போட்டுவிட்டு, "பாப்பா, வா, ஆத்துல தண்ணி எம்புட்டு ஓடுதுன்னு பாத்துட்டு வருவோம்" என்பார். ஒரு மனிதர் வாராவாரம் ஆற்றை அளந்தால் அரசாங்க உத்தியோகத்தராவது ஆக வேண்டும். அப்பாவுக்கு அந்த யோசனை வரவில்லை.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அதாவது தெரியாத மாதிரி இருப்பதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. நாங்கள் இறங்கும்போது தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலை நீட்டுவாள். "இது பூத்துப் போற மாதிரி இருக்கு. போற வழியில ஆத்துல கொட்டிருங்க." அந்த ஊறுகாய் ஒருநாளும் ஆற்றைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் போத்தல் கழுவிக் காய்ந்து திரும்பி வரும். உள்ளே பேக்கரியில் சுட்ட நாலு சீனிப் பணிஸ் இருக்கும். அம்மா அதையும் கேட்கமாட்டாள். எடுத்துத் தின்பாள்.

பாலத்துக்குள் அப்பா தகரத்தின் கீழே உட்காருவார், அத்தை ஓட்டின் கீழே. ஒருவர் பாதிக்கு மற்றவர் போக மாட்டார்கள். நடுவில், சரியாக ஒழுகல் விழும் இடத்தில், இரட்டைப் பின்னலோடு நான். நேராகப் பேசிக்கொள்வதில்லை என்பதால் என் வழியாகத்தான் பேச்சு.

"பாப்பா, கால் புண்ணு எப்பிடி இருக்குன்னு கேளு."

இரண்டு முழ தூரத்தில் இருக்கும் அத்தையிடம் திரும்பி, "கால் புண்ணு எப்பிடி இருக்குன்னு கேக்கறாங்க" என்பேன்.

"அப்பிடியேதான் இருக்குன்னு சொல்லு."

"அப்பிடியேதான் இருக்காம்."

"ஈரம் படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? பின்ன எதுக்கு மழையில வர்றாங்கன்னு கேளு."

"பின்ன வெயிலடிக்கிற வெள்ளிக்கிழமையா பாத்து அனுப்பச் சொல்லு."

"அந்தாளு கொட புடிச்சிட்டு வந்து விடக் கூடாதான்னு கேளு."

"அந்தாளுக்குப் பேரு இருக்குன்னு சொல்லு."

இப்படியே மாவு விலையிலிருந்து செத்துப்போன பாட்டனாரின் குறட்டை வரை பேசுவார்கள். தபால்காரனுக்குத்தான் கடிதத்தைப் பிரிக்க உரிமை இல்லை. எனக்கு அப்படித் தடை ஏதும் இல்லாததால், போகப் போக நான் திருத்த ஆரம்பித்தேன். அப்பா, "வயசு ஏறுது, புத்தி ஏறலன்னு சொல்லு" என்றால், நான், "உங்களுக்கு வயசானதே தெரியலையாம்" என்பேன். அசலை இருவரும் காதால் கேட்டிருப்பார்கள். ஆனாலும் என் பதிப்பு வரும்வரை அத்தை காத்திருப்பாள், அதைக் கேட்டுத்தான் சிரிப்பாள். அப்பா ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எழுத்தாளராக என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த வாசகர்கள் அந்த இரண்டு பேர்தான். அதற்குப் பிறகு இறங்குமுகம்.

அந்த வருடம் ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. அத்தையின் காலில் கரப்பான். ஈரம் பட்டால் தோல் வெடித்து ரத்தம் கசியும். ஒழுகல் பலகையில் விழுந்து தெறிப்பதையும், அத்தை காலை மடக்கிச் சேலைக்குள் இழுத்துக்கொள்வதையும் அப்பா இரண்டு வெள்ளி பார்த்தார். மூன்றாவது வாரம் தச்சு பாஸைக் கூட்டிப்போய், கடையிலிருந்து தகரம் எடுத்து நடு இடத்தை மூடிவிட்டார். தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்கு ஒரு முற்பகலில் முடிந்தது. வழக்கில் சுவை கண்டவர்களுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

ஒழுகல் நின்றதும் சாரல் தெரிய ஆரம்பித்தது. காற்று குறுக்காக அடித்தால் அழி வழியாக மழை உள்ளே வந்துவிடும். அப்பா மறுபடி பாஸைக் கூப்பிட்டார். இரண்டு பக்கமும், இந்த முனை தொடங்கி அந்த முனை வரை, பலகையிலிருந்து கூரை வரை தகரம் அடித்து மூடச் சொன்னார். பாஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். சிங்களவர், எங்கள் தமிழைத் தனக்கு வேண்டிய அளவுக்கு வெட்டிச் சீவி வைத்திருந்தார்.

"முதலாளி, கீழ ரெண்டு அடி விடுவோம். ஆறு கூடினா தண்ணி போக வழி வேணுந்தானே."

"எம்புட்டு கூடுனாலும் பலகை வரைக்கும் வந்ததில்ல பாஸ்."

"இனியும் வராதுன்னு ஆறு சொல்லிச்சா?"

"கீழ விட்டா சாரல் அடிக்கும். காலு நனையும்."

"யாரோட காலு?"

அப்பா தகரத்தை ஒருதரம் தட்டிப் பார்த்தார். "நடக்கிறவங்க காலு" என்றார்.

பாஸ் என்னைப் பார்த்தார். நான் பாலத்துக் கூரையைப் பார்த்தேன். தகரம் கீழ்வரை அடிக்கப்பட்டது.

இன்று எனக்கு அப்பாவின் அப்போதைய வயதைவிடப் பல வருடம் கூட. யோசித்தால் வியப்பாக இருக்கிறது. ஆணி, கம்பி, தகரம் என்று அங்குலக் கணக்கில் பேசிப் பிழைத்த மனிதர். தகரத்தில் ஆறு என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. "நான் செய்தது தப்பு, வீட்டுக்கு வா" என்று ஐந்து சொல்லைச் சொல்வதைவிட, அறுபத்திரண்டு எட்டுக்குத் தகரம் அடிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. அவ்வளவுதான்.

ஊர் அப்பாவைப் புகழ்ந்தது. பெரிய சேர் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசினார். கடுதாசிச் சீட்டு விளையாடுகிறவர்களுக்குச் சொர்க்கம். பாலம் உள்ளே குகை மாதிரி இருண்டது, கூரையில் பச்சை வெளிச்சம் அசைவது நின்றுபோனது. முதல் வெள்ளி அத்தை வந்து நாலு பக்கமும் பார்த்தாள்.

"கோழிக்கூடு மாதிரி இருக்குன்னு சொல்லு பாப்பா."

"கோழிக்கூடு மாதிரி இருக்காம்."

"நனையுதான்னு கேளு."

நான் கேட்கவில்லை. அத்தை என்னைத் தாண்டிப் பார்த்து, "நனையல" என்றாள். சொல்லு என்று சேர்க்க மறந்துவிட்டாள். அப்பா வழக்கம்போல் ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அங்கே தகரம்தான் இருந்தது. தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காய்ந்த காலோடு அத்தை வந்தது மூன்று வெள்ளிக்கிழமைதான்.

கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை ஊரே ஆற்றங்கரையில் நின்றது. தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் பலகைக்கு மேலே ஏறியிருந்தது. மேலேயிருந்து மூங்கில் புதர்கள் வேரோடு வந்து தகரத்தில் முட்டி நின்றன. அதன் மேல் மரம், அதன் மேல் யாருடைய வீட்டுக் கதவோ. அழி மட்டும் இருந்திருந்தால் எல்லாம் ஊடே புகுந்து போயிருக்கும். தகரம் மறித்தது. ஒரு பக்கம் தண்ணீர் உயர உயர, பாலம் முனகத் தொடங்கியது.

அப்பா கடைக்கு ஓடி அலவாங்கை எடுத்து வந்தார். யாரும் தடுப்பதற்குள் பாலத்துக்குள் நுழைந்து தகரத்தை நெம்பினார். பாஸ் பின்னாலேயே போய் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "முதலாளி, விடுங்க, போனா போகட்டும்" என்று கத்தினார். அப்பா ஒரு தகரத்தைப் பெயர்த்தார். இரண்டாவது, மூன்றாவது. முழங்கால் அளவு தண்ணீர் பாய்ந்தது. நாலாவதும் போனது. மூட எட்டு நாள் ஆனதை அரை மணி நேரத்தில் திறக்கப் பார்த்தார். கரையிலிருந்து அம்மா கூப்பிட்டாள், நான் கூப்பிட்டேன், ஹாஜியார் கூப்பிட்டார். அவருக்கு எதுவும் காதில் விழவில்லை.

அப்போது அக்கரை முனையில் அத்தை வந்து நின்றாள். நாங்கள் அவளைப் பார்க்கவில்லை, கேட்டோம். வெளியே ஆறு போட்ட இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் குரலே கேட்காது. ஆனால் அவள் பாலத்தின் வாய்க்குள் முகம் வைத்துக் கத்தியதை அந்தத் தகரக் குழாய் அப்படியே ஏந்திக் கொண்டுவந்தது.

"அண்ணே! எறங்குங்கண்ணே!"

அலவாங்கு நின்றது. மூன்று வருடத்துக்குப் பிறகு நேராக வந்த முதல் 'அண்ணே'. அப்பா திரும்பினார், பாஸ் இழுத்த இழுப்புக்கு வந்தார். அவர்கள் கரையில் கால் வைத்து நான் பத்து வரை எண்ணியிருப்பேன். பாலம் உடையவில்லை. மெதுவாகத் தூக்கிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, கூரையோடும் வாங்குகளோடும் ஒரு வீடு குடிபெயர்ந்து போவதைப் போல வளைவில் திரும்பி மறைந்தது. தண்ணீர் வடிந்த பிறகு தேடியதில் கீழூர் வயலில் இரண்டு வாங்கு கிடைத்தது. மற்றதை ஆறு திருப்பித் தரவில்லை.

ஊரில் யாரும் அப்பாவைக் குற்றம் சொல்லவில்லை. அது அவருக்குப் பெரிய தண்டனை. பெரிய சேர் மட்டும், "வெள்ளம் பெரிசுதானே" என்று ஆறுதல் சொன்னார். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா, "பாப்பா, வா" என்றார். இந்த முறை தண்ணீரை அளக்கப் போவதாகச் சொல்லவில்லை. அக்கரையில் அத்தை குடையோடு நின்றாள். நடுவில் ஆறு.

"புண்ணு எப்பிடின்னு கேளு."

நான் தொண்டை கிழியக் கத்தினேன். அத்தை காதில் கை வைத்துக் காட்டினாள். மறுபடி கத்தினேன். பிறகு அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். குடையை ஊன்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைத் தூக்கி எங்களுக்குக் காட்டினாள்.

"ஆறிருச்சா? உனக்குத் தெரியுதா?" என்றார் அப்பா.

அத்தனை தூரத்தில் கால் இருப்பதே சந்தேகமாகத்தான் தெரிந்தது. "ஆறிருச்சுப்பா" என்றேன். என் பதிப்புகளில் அதுதான் மிக மோசமானது. அப்பா நம்பவில்லை.

மண்சரிவு ஒதுக்கிப் பாதை திறந்ததும், ஒரு காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டினார். அம்மா ஊறுகாய்ப் போத்தலை என் கையில் தந்தாள். "இது நல்ல ஊறுகா. ஆத்துல கொட்டிறாத" என்றாள். நாவுலக்குப் போய், வேறு பஸ் பிடித்து, மலையைச் சுற்றி, மூன்றரை மணி நேரம். அறுபத்திரண்டு எட்டில் போகிற இடத்துக்கு நான் இரண்டு தடவை வாந்தி எடுத்துப் போய்ச் சேர்ந்தேன்.

பேக்கரி முன்னால் கடை, பின்னால் வீடு. கடைக்கு ஏறுகிறவன் வாடிக்கைக்காரன், விருந்தாளி இல்லை. அப்பா அதையெல்லாம் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருப்பார் போலிருக்கிறது. நேராகக் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று, "ஒரு றாத்தல் பாண் குடுங்க" என்றார்.

மாமா கையிலிருந்த மாவைத் துடைத்தார். மாத்தளையிலிருந்து அக்கரை வரை எத்தனையோ பேக்கரி. பாண் வாங்க இவ்வளவு தூரம் வந்த முதல் மனிதரை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பெட்டிக்குள் பத்துப் பாண் வரிசையாக இருந்தது.

"இது காலையில போட்டது அண்ணா. உங்களுக்கு வேணாம்" என்றார் தன் மெதுவான தமிழில். "சூடா இப்பதான் எடுக்குது. போரணை உள்ளுக்கு. நீங்களே வந்து பாத்து எடுங்க."

சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார். அந்த மனிதரின் சாமர்த்தியத்தை நான் அன்று கவனிக்கவில்லை. கூப்பிட்டிருந்தால் அப்பா மறுத்திருப்பார். பாண் எடுக்கப் போகிறவனை யார் என்ன சொல்ல முடியும்?

அப்பா வாசற்படி முன் நின்றார். செருப்பைக் கழற்றினார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினார். போரணைக் கதவு திறந்திருந்தது. அதன் சிவப்பு வெளிச்சத்தில் அத்தை நீளக் கட்டையோடு நின்றாள்.

"அண்ணே" என்றாள்.

"ம்" என்றார் அப்பா.

நான் இருவருக்கும் நடுவில் நின்று, யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

இத்தோடு முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் நம் வயதில் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசற்படி தாண்டிய பிறகு அவர்கள் பேசுவது குறைந்துபோனது. தீபாவளிக்கு அவர்கள் வந்தார்கள், நத்தாருக்கு நாங்கள் போனோம். பிஸ்கட் டின் கை மாறியது. கதிரையில் நேருக்கு நேர் உட்கார்ந்து, "மழை எப்பிடி?" "இருக்கு." "யாவாரம்?" "போகுது." மாமா நல்லவர் என்று ஊரறியச் சொல்ல அப்பாவுக்கு வாய் வந்தது. பாட்டனாரின் குறட்டையைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. எல்லா உறவினர்களையும் போல் ஆகிவிட்டார்கள். எனக்கு வேலை போனது. பத்து வயதில் ஓய்வு பெற்றவள் எங்கள் மாகாணத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பல வருடம் கழித்துக் கொங்கிரீட் பாலம் வந்தது. அகலமானது, உறுதியானது, நிற்க முடியாதது. நின்றால் பின்னால் லொறி ஹோர்ன் அடிக்கும்.

போன மழையில் அதன் மேலும் தண்ணீர் ஏறி இறங்கியது. பாலம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் அப்பா. அவருக்கு எண்பத்தெட்டு. அத்தையும் வருகிறேன் என்றாள். மாமா போய் ஆறு வருடம் ஆகிறது. வேனில் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். கம்பிகளில் வைக்கோலும் சேலைத்துண்டும் சிக்கிக் காய்ந்திருந்தன. வேனை ஓரங்கட்டி இருவரையும் இறக்கினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்கள். நல்ல வெயில்.

"இதுக்கும் ஒரு கூரை போட்டா என்னா?" என்றார் அப்பா.

அத்தை சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள். "போடலாந்தான். ஆனா அதுக்கு நாம மறுபடி சண்ட புடிக்கணுமேண்ணே."

பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. அப்பா அசையவில்லை.

"புடிச்சாப் போச்சு" என்றார்.